"கோயிலுக்குப் போறோம்"னு சொல்லி ஊசிக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க

பண்டார் தெங்காராவிலும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் இருந்து நம்ம கோயிலுக்கு வரும் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், வளர்ச்சித் தாமதம் உள்ளவங்க நம்ம கோயிலுக்கும் வர்றாங்க. எல்லாரும் சின்னப் பிள்ளைங்க இல்லை, முப்பது வயசு ஆளுங்களும் இருக்காங்க. இவங்களைத் தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போக பல வீட்டில் ஒரே வழிதான் தெரியும். "வா, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்"னு சொல்லிக் காரில் ஏத்துறது. இறங்கினா கிளினிக். இதை நிறுத்தணும் என்பதுதான் தொண்டர்கள் எங்களுடைய கருத்து.

2021-ல் கோவிட் ஊசிக்கு அப்படிப் போன ஒரு தம்பியை எங்களுக்குத் தெரியும். எந்த இடம்னு சொல்ல வேண்டாம். நாலு பேர் கையையும் காலையும் பிடிச்சுக்கிட்டாங்க, ஊசி ஏறிடுச்சு. ரெண்டாவது ஊசிக்கு அவரை வீட்டு வாசலைத் தாண்ட வைக்க முடியலை. அதோட போகலை. முன்னெல்லாம் விபூதித் தட்டைப் பார்த்தா முதல் ஆளா நெத்தியைக் காட்டுறவர், இப்போ கோயில்னு சொன்னாலே காரில் ஏற மாட்டேங்குறார். தைப்பூசத்துக்கும் வரலை. ஒரு ஊசிக்காக நாம அவர்கிட்ட இருந்து சாமியையே பிடுங்கிட்டோம்.

அரசாங்கம் இவங்களை மறந்துடுச்சுன்னு சொல்ல முடியாது. 24 பிப்ரவரி 2021-ல் அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் முதல் ஊசி போட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். ஏப்ரலில் ரெண்டாம் கட்டம் வந்தப்போ, முதியவர்களோட சேர்த்து மாற்றுத் திறனாளிகளுக்கும் இடம் கொடுத்தாங்க. நம்ம திட்டம் தொடங்கின அதே 24-ம் தேதி, பிரிட்டனில் கற்றல் குறைபாடு உள்ளவங்கன்னு மருத்துவர்கிட்ட பதிவான எல்லாருக்கும் முன்னுரிமைன்னு அறிவிச்சாங்க. அங்கே ஜோ வைலி என்ற வானொலி அறிவிப்பாளருக்கு ஊசிக்கு அழைப்பு வந்துச்சு, கற்றல் குறைபாடு உள்ள அவர் தங்கச்சிக்கு வரலை. அவர் அதைப் பகிரங்கமா கேள்வி கேட்டார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களைக் கோவிட் ரொம்பக் கடுமையா தாக்கும்னு டாக்டர்கள் சொன்ன நேரம் அது. ஆக, வரிசையில் இடம் கிடைச்சாச்சு. காரில் இருந்து அந்த நாற்காலி வரைக்கும் கூட்டிட்டுப் போறதுதான் நம்ம வேலை. அங்கேதான் சறுக்குது.

கோவிட் முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க. முதலாம் ஆண்டில் ஊசி இருக்கு, படிவம் 1 பெண்பிள்ளைகளுக்கு 2010-ல் இருந்து எச்பிவி ஊசி போடுறாங்க, படிவம் 3-ல் டெட்டனஸ். ரத்தம் எடுக்கிறது, பல் பிடுங்குறது எல்லாத்துக்கும் இதே கதைதான்.

தொழிற்சாலையில் புது ஆளை முதல் நாளே மெஷினில் கை வைக்க விட மாட்டோம். முதல்ல சுத்திக் காட்டுவோம், அப்புறம் நிறுத்தி வச்ச மெஷினில் பழக்குவோம், ஓடுற மெஷின் கடைசியிலதான். நம்ம பிள்ளைக்கும் அப்படித்தான். ஒரு வாரம் முன்னாடியே கிளினிக் வாசல், நாற்காலி, மிஸ்ஸி உடுப்பு எல்லாத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து தினமும் ஒரே வரிசையில் காட்டுங்க. முடிஞ்சா ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்துட்டு வாங்க. வீட்டில் சட்டைக் கையை மடிச்சு, ஈரப் பஞ்சால தேய்ச்சு, பத்து எண்ணிப் பழக்குங்க. சில பேருக்கு வலியை விட அந்த ஸ்பிரிட் வாடைதான் பயம். தோலை மரத்துப்போக வைக்கிற கிரீம் இருக்கு. பூசி ஒரு மணி நேரம் ஆகணும், அதனால டாக்டரையோ மருந்தகத்திலோ முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. கிளினிக்குக்கும் போன் போட்டு, கூட்டம் இல்லாத காலை நேரம் கிடைக்குமா, கூப்பிடுற வரைக்கும் காரிலேயே இருக்கலாமான்னு கேளுங்க. ஓகேயு அட்டை இருந்தா மறக்காம எடுத்துட்டுப் போங்க.

"வலிக்காது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. வலிக்கும். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், அப்புறம் மைலோ குடிக்கலாம்"னு சொன்னா அது உண்மை. உண்மை சொன்ன ஆளை அடுத்த தடவையும் நம்புவாங்க. பெரிய ஆளா இருந்தா எந்தக் கையில் போடலாம்னு அவரையே கேளுங்க. அவர் உடம்பு அது.

இன்னொண்ணு. அன்னதான வரிசையில் "அடம் பிடிச்சா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்"னு மிரட்டுற குரல் வாரா வாரம் கேட்குது. இப்படி வளர்த்துட்டு, நாளைக்கு அதே பிள்ளை ஊசிக்குக் கையை நீட்டணும்னா எப்படிங்க?

"காது குத்தும்போது பிடிச்சுக்கிட்டுத்தானே குத்துறோம்?"னு ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, அந்தக் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கு, தெரிஞ்ச முகம் எல்லாம் சுத்தி நிக்குது, அழுகை நிக்கிறதுக்குள்ள கையில் இனிப்பு வந்துடுது. அந்த மடியைத்தான் நாங்களும் கேட்கிறோம். உயிருக்கு ஆபத்துன்னா டாக்டர் சொல்றபடி செய்யத்தான் வேணும், அது வேற. தேதி குறிச்சுப் போற ஊசிக்கு நாலு ஆள் பலம் எதுக்கு?

"ஊசி போட்டதாலதான் ஆட்டிசம் வந்துச்சு"ன்னு இன்னும் சொல்றவங்களுக்கு: 1998-ல் அப்படி எழுதின வேக்ஃபீல்டின் கட்டுரையை 2010-ல் அந்த மருத்துவ இதழே திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் பதிவையும் ரத்து செஞ்சாங்க. டென்மார்க்கில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019-ல் வந்த ஆய்விலும் அப்படி ஒரு தொடர்பு இல்லை. தாய்மாரை இனி அந்தப் பேச்சால் குத்தாதீங்க.

நிர்வாகத்திடம் நாங்க கேட்கிறது ஒண்ணுதான். கூட்டம் இல்லாத நாளில் மண்டபத்தை ஒரு மணி நேரம் விடுங்க. ஒரு நாற்காலி, பஞ்சு, படங்கள் போதும். பிள்ளைங்க வந்து உட்கார்ந்து பழகட்டும். ஆனா "இது ஊசிக்கான பழக்கம்"னு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை வேண்டாம், மேளமும் மணியும் சில பேர் காதுக்குத் தாங்காது. புதன்கிழமை சாயங்காலம் சரியா இருக்கும். அரைக்கை சட்டை போட்டுட்டு வாங்க, காது மூடி இருந்தா அதையும் கொண்டு வாங்க. வர நினைக்கிறவங்க கோயில் அலுவலக அறையில் பேர் கொடுங்க.