அலைவிளிம்புப் போர்வை



பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்தாமல், பாட்டியின் பழைய நூற்சேலையைக் கிழித்து அதில் பொதிந்து வைப்பது நம் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். வறுமையால் வந்த வழக்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. புதுத் துணியில் கஞ்சிப்பசை இருக்கும். சில வேளை சாயம் விடும். பச்சிளம் தோலை உரசும். பன்முறை வெளுத்த சேலையில் இத்தொல்லைகள் இரா. ஆகவே மென்மையான போர்வை தைக்க விரும்பும் தாய்மார்கள், கடைக்குப் புறப்படுமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நன்று.

மேலே மெல்லிய பருத்தித் துணி, நடுவே பழஞ்சேலை இரண்டு மடிப்பு, குழந்தையைத் தொடும் பக்கத்தில் பருத்திப் பிளானல்: இவ்வளவே போதும். புதிதாக வாங்கிய இரண்டையும் தைப்பதற்கு முன்பே நனைத்து உலர்த்திவிட வேண்டும். பிளானல் சுருங்கும் இயல்புடையது. தைத்த பின் சுருங்கினால் போர்வை முழுதும் கோணிப்போகும். பாலியெஸ்டர்ப் போர்வைகள் கைக்கு மெத்தென்று இருப்பினும் வியர்வையை உறிஞ்சுவதில்லை. நம் நாட்டு வெயிலுக்கு அவை உகந்தவையல்ல என்பதே நம் கருத்து.

இக்காலத்தில் பலரும் விரும்புவது, ஓரம் அலையலையாக வளைந்து செல்லும் விளிம்பு. தையற்காரர் இதனை ஸ்காலப் என்பர். அது ஒரு கடற்சிப்பியின் பெயர். சந்தியாகப்பரின் கல்லறையை நாடி ஸ்பெயின் நாட்டுக் கொம்போஸ்தெலா நகருக்கு நடந்து சென்ற திருப்பயணிகள் அடையாளமாக அணிந்தது இச்சிப்பியையே. ஞானஸ்நானத்தின்போது நீர் வார்க்கப் பல கோவில்களில் பயன்படுவதும் இவ்வடிவமே. சிப்பி இருக்கட்டும்; துணிக்கு வருவோம்.

போர்வை 36 அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொள்வோம். மூலைதோறும் இரு புறமும் 3 அங்குலம் ஒதுக்கினால் பக்கத்திற்கு 30 அங்குலம் எஞ்சும். அதில் 6 அங்குல வளைவுகள் ஐந்து அமையும். நான்கு பக்கங்களுக்கு 20, மூலைக்கு ஒன்றாக 4, ஆக மொத்தம் 24 வளைவுகள். வரைவதற்குக் கருவி வேண்டியதில்லை. குறுக்களவு 10 அங்குலமுள்ள சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துச் சுண்ணக்கட்டியால் வரைந்தால், 6 அங்குல அகலத்திற்குச் சரியாக 1 அங்குல ஆழம் கிடைக்கும். ஏன் அப்படி என்பதை வீட்டில் கணிதம் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மூலைகளுக்கு அதனினும் சிறிய தட்டு பொருந்தும்.

வரைந்ததும் கத்தரிக்கோலை எடுப்பது பெரும்பாலோர் செய்யும் பிழை. வளைத்து வெட்டிய ஓரம் கைபட்டாலே இழுபட்டு நீளும், அடுக்குகளும் நழுவும். முதலில் அடுக்குகளைச் சேர்த்து நூலோட்டம் போடுங்கள். பின்பு வெட்டாத துணியின் மேல், வரைந்த கோட்டை ஒட்டி ஓரப்பட்டியை வைத்துத் தையுங்கள். அதன் பிறகே கால் அங்குலம் விட்டு வெளியே வெட்ட வேண்டும்.

ஓரப்பட்டி கிராஸ் பீஸாகவே இருத்தல் வேண்டும். 1¼ அங்குல அகலம் போதும். நெசவில் நெடுக்கிழையும் குறுக்கிழையும் நேராக இழுத்தால் அவ்வளவாக இடங்கொடுப்பதில்லை. இரண்டிற்கும் நடுவே சாய்வாக வெட்டிய பட்டியோ எப்பக்கமும் வளைந்து கொடுக்கும். வளைவின் வெளிப்புறத்தில் பட்டியை இழுத்துத் தைக்கலாகாது. இழுத்தால் விளிம்பு கிண்ணம்போல் குவிந்துவிடும். இரு வளைவுகள் கூடும் பள்ளத்தில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. அங்கே ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, இயந்திரத்தின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, சுருக்கம் விழாதபடி மறு வளைவைத் தொடங்க வேண்டும். பின்னர், தையல் அறுபடாமல் பள்ளத்தின் முனைவரை ஒரு சிறு வெட்டுக் கொடுத்தாலன்றிப் பட்டி மறுபுறம் மடியாது. மடித்த பட்டியைக் கையால் ஹெம்மிங் செய்து முடிக்க வேண்டும்.

இதனை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. நம் பங்கின் மாதர் தையல் வகுப்பிற்கு நேர்விளிம்புப் போர்வைகள் தைக்கக் கொடுத்து வந்த வியாபாரி ஒருவர், “துணி அதே துணிதானே, ஓரத்தைச் சற்று வளைத்துக் கொடுங்கள், கூலியில் மாற்றம் வேண்டாம்” என்றார். கணக்கைப் பார்ப்போம். நேர்விளிம்பின் சுற்றளவு 144 அங்குலம். அலைவிளிம்பிற்கு அதனினும் ஏறத்தாழ 10 அங்குலமே கூடுதல். துணியை மட்டும் பார்ப்பவர்க்கு வியாபாரியின் சொல் நியாயமாகவே தோன்றும். ஆனால் நேர்விளிம்பை இயந்திரத்திலேயே ஓட்டி முடித்துவிடலாம். இங்கோ 24 பள்ளங்களில் 24 முறை நிறுத்தித் திருப்ப வேண்டும். கால் அங்குலத்திற்கு ஒன்றாகப் போட்டாலும் கைத்தையல் 600-க்கு மேல். மாலை வெளிச்சத்தில் அதனைப் போடுபவள், வீட்டில் உலை வைத்துவிட்டு வந்த தாய்.

வேலை கைநழுவிவிடுமோ என்று அச்சகோதரிகள் அஞ்சினர். நியாயமான அச்சமே. ஆயினும் விளிம்பிற்குத் தனிக் கூலி எழுதும்படி நாம் வற்புறுத்தினோம். வியாபாரி கேட்டதில் பாதியைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். மீதியைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அண்டை வீட்டுப் பெண்ணிடம் தைக்கக் கொடுத்துவிட்டு, “இதற்கா இவ்வளவு?” என்று பேரம் பேசும் நம் வீட்டார், அடுத்த முறை பேசுமுன் பள்ளங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.

போர்வை வீட்டிற்கு வந்த பின் ஓர் எச்சரிக்கை. ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை எதுவும் ஆகாதென்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். மூக்கும் வாயும் மூடி மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. மடியில் வைத்திருக்கும்போதும், தரையில் விரித்து நம் கண்முன் விளையாட விடும்போதும் பயன்படுத்துங்கள். மணி, பொத்தான், நாடா முதலியவற்றை விளிம்பில் கோக்க வேண்டாம். எல்லாம் நேரே வாய்க்குத்தான் போகும். ஒவ்வொரு முறை வெளுத்த பின்னும் பள்ளங்களைப் பாருங்கள். வெட்டுக் கொடுத்த இடமாதலால் நூல் முதலில் விடுவது அங்கேதான். விட்டிருந்தால் அன்றைக்கே இரண்டு தையல் போட்டுவிடுங்கள்.