ஒளிர்வதெல்லாம் பிளாஸ்டிக் அல்ல: நீர்த்தெள்ளின் வயிற்றில் நானோ துகளை எப்படி அளக்கிறார்கள்?

வரதராஜன்பேட்டை பக்கம் ஏதாவது ஒரு குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி மாதிரி ஏதோ தத்தித் தத்தி நீந்தினால் அது நீர்த்தெள்ளாக இருக்கலாம். ஓரிரு மில்லிமீட்டர் உடம்பு. பாசியை வடிகட்டித் தின்னும், மீன்குஞ்சுக்கு இரையாகும். தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் உயிரி இதுதான்.

பக்கத்து கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் வண்டலில் கிலோவுக்குச் சராசரியாக 309 மைக்ரோ பிளாஸ்டிக் துகள்கள் இருந்ததாக 2021-ல் ஓர் ஆய்வு சொன்னது. கொள்ளிடத் தண்ணீர் கீழணை, வடவாறு வழியாக வந்து நிரம்பும் ஏரி. சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. ஆனால், எண்ணப்பட்டவை மைக்ரோ துகள்கள் மட்டுமே. 1,000 நானோமீட்டருக்கும் கீழே போனால் அது நானோ பிளாஸ்டிக். தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதை ஒரு நீர்த்தெள்ளு தின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கமான வழி, ஒளிரும் சாயம் ஏற்றிய பாலிஸ்டைரின் மணிகளைத் தண்ணீரில் கலப்பது. பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடல் பளிச்சென்று தெரியும். குடலைத் தாண்டி உடம்புக்குள்ளும் ஒளி தெரிந்ததும், 'பிளாஸ்டிக் திசுவுக்குள் புகுந்துவிட்டது' என்று பல ஆய்வுகள் எழுதின. சிக்கல் அங்கேதான். சாயம் மட்டும் மணியிலிருந்து கழன்று கொழுப்புத் துளிகளில் போய் ஒட்டியிருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, பார்த்தது துகளை அல்ல, சாயத்தை.

நச்சுத்தன்மையை அளப்பதிலும் இதே கதை. 48 மணி நேரம் வைத்திருந்து, எத்தனை நீர்த்தெள்ளுகள் அசையாமல் போயின என்று எண்ணுவார்கள். கடையில் வாங்கும் மணிக் கரைசலில் கெடாமலிருக்க சோடியம் அசைடு சேர்ப்பது உண்டு. அது விஷம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு அதை நீக்கிவிட்டுச் சோதித்தபோது பாதிப்பு பெருமளவு குறைந்தது.

அப்படியென்றால் எல்லாம் வெறும் பீதியா? இல்லை. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் பாசியிலும் ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறாலிலும் செய்த சோதனைகளில், நானோ பாலிஸ்டைரின் செல்களில் ஆக்ஸிஜனேற்ற பாதிப்பு உண்டாக்குவது தெரிந்தது. ஆனால், இத்தகைய ஆய்வகச் சோதனைகளில் பெரும்பாலும் போடுவது புத்தம்புது உருண்டை மணி, அதுவும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். குளத்தில் கிடப்பதோ வெயிலில் காய்ந்து நொறுங்கிய கேரி பேக் துணுக்கு.

நம்பகமான வழியும் இருக்கிறது. சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் துகளுக்குள்ளேயே பல்லேடியம் உலோகத்தைப் பூட்டி வைத்து, உலோகத்தை அளந்து பிளாஸ்டிக்கைக் கணக்கிடுகிறார்கள். கருவி விலை அதிகம்தான்.

நம் குடிநீர் தரநிலையான ஐஎஸ் 10500-ல் மைக்ரோ பிளாஸ்டிக்குக்கே வரம்பு கிடையாது, நானோவை விடுங்கள். உணவில் இவற்றை அளக்கும் முறைகளை உருவாக்க எஃப்எஸ்எஸ்ஏஐ 2024-ல் ஒரு திட்டம் தொடங்கியது. குளத்துக்கும் ஏரிக்கும் அப்படி ஒரு பொது அளவுமுறை வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்த தமிழக அரசே இதை முன்னெடுக்கலாம். வீராணத்திலும் அரியலூரின் கரைவெட்டியிலும் தொடங்கலாம்.

அதுவரை, 'நானோ பிளாஸ்டிக் கொல்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ஃபார்வர்டு செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: சாயம் கழன்றதா என்று சோதித்தார்களா? கரைசலிலிருந்த விஷத்தை நீக்கினார்களா?