பகாங்கா, பஹாங்கா?



இந்த மாதம் ஓர் எழுத்தால் வந்த வினையைப் பற்றி எழுதப் போகிறேன். வினையை உண்டாக்கியவன் நான்தான். ஆகவே தயக்கமில்லாமல் எழுதலாம்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு எழுதவா விஷயம் இல்லை? பனி, தேயிலை, ஸ்ட்ராபெரி, பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாப்பாவிலிருந்து ஊர்ந்து ஏறும் கார் வரிசை என்று ஆளுக்கொன்றாக எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் 'நாங்கள் பஹாங் மாநிலத்தில் வசிக்கிறோம்' என்று தொடங்கி, கட்டுரை நெடுக ஏழு இடங்களில் 'பஹாங்' என்றே எழுதியிருந்தான். வகுப்பில் நான் சொல்லிக் கொடுத்தது 'பகாங்'. ஏழையும் சிவப்பு மையால் சுழித்து, இரண்டு புள்ளிகளைக் குறைத்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாலை பையனின் அப்பா வந்தார். தேயிலை ஆலையில் வேலை செய்பவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "உள்ளே வாங்க" என்று இரண்டு முறை அழைத்த பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

"சார், குறை சொல்ல வரல. பையன் ஒண்ணு கேட்டான், எனக்குப் பதில் தெரியல. கோயில் திருவிழா நோட்டீசுல 'பஹாங்'னுதான் அச்சடிச்சிருக்கு. அதப் பாத்துத்தான் எழுதினானாம்."

"பள்ளியில வேற மாதிரி எழுதறோம், அதான்..." என்று இழுத்தேன்.

"சரிங்க சார். இன்னொண்ணும் கேட்டான். 'ஹ' தப்புன்னா என் பேரையும் மாத்தணுமாப்பான்னு கேக்குறான்."

பையனின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது! வருகைப் பதிவேட்டில் தினமும் அந்தப் பெயரைப் படித்துக் கூப்பிடுகிறவன் நான். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அன்று இரவு, எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, கைப்பேசியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தேன். அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது சம்பளம் வாங்காத தொண்டர்கள் கூடி எழுதும் கலைக்களஞ்சியம். ஆங்கிலத்தில் 2001இலும் தமிழில் 2003இலும் தொடங்கியது. தமிழில் கட்டுரைகளின் எண்ணிக்கை 2017இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. தமிழ்நாட்டார், இலங்கைத் தமிழர், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் குடிபெயர்ந்தவர்கள், நம் மலேசியத் தமிழர் என்று பலரும் எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஒரு கட்டுரையின் தலைப்பையே கூட வேறொரு பெயருக்கு 'நகர்த்தி' விடலாம். சண்டை அங்கேதான் பிறக்கிறது. கட்டுரைக்குள் இரண்டு கருத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடலாம். தலைப்பு ஒன்றுதானே?

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. பொதுவான வழக்குகளுக்கு ஒரு பக்கம் வைத்து, அதற்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் தோட்டத்துக் கோயில் மரத்தடியில் நடக்கும் பஞ்சாயத்து நினைவுக்கு வரவில்லையா? அங்கே நெடுங்காலமாக ஓயாமல் நடந்து வரும் வழக்குகளில் ஒன்று ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் பற்றியது. ஜப்பானா, சப்பானா? கிறிஸ்தவமா, கிறித்தவமா? லண்டனா, இலண்டனா? ரஷ்யாவா, உருசியாவா? ஒரு சாரார் தொல்காப்பியரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். வடசொல்லை எடுத்தாளும்போது வட எழுத்தை விலக்கிவிட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. கம்பரும் லக்ஷ்மணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும்தானே ஆக்கினார்? மறு சாரார், "தேடுகிறவன் எப்படித் தட்டுகிறானோ அப்படி இருக்கட்டும், அவன் கண்ணுக்கே தென்படாத தூய்மையால் யாருக்கு இலாபம்?" என்கிறார்கள். இரண்டு பக்கமும் தமிழ்மேல் பற்றுள்ளவர்கள். அதனால்தான் தீர மாட்டேன் என்கிறது.

மறுநாள் ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சை எடுத்தேன். எங்கள் மூத்த ஆசிரியை, தமிழில் ஊறியவர், உடனே பிடித்துக்கொண்டார்.

"நீங்க புள்ளி குறைச்சது சரிதான் சார். 'பகாங்'னு எழுதினா என்ன குறைஞ்சு போச்சு? அகம், முகம்னு சொல்லிப் பாருங்க. நடுவுல வர்ற 'க' தானா மென்மையாத்தானே ஒலிக்குது? தமிழுக்கு 'ஹ' கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்ல."

அவர் சொன்னது உண்மை. உயிருக்கு நடுவில் வரும் ககரம் ஏறக்குறைய ஹகரமாகவே நம் வாயில் உருகிவிடுகிறது. மகாதீர் என்று எழுதி மஹாதீர் என்றுதானே படிக்கிறோம்? இந்த விளக்கத்தை அந்தப் பையனுக்குச் சொல்லாமல் சிவப்பு மையால் சுழித்தேனே, அதுதான் என் தவறு.

"சரிங்க டீச்சர், ஜொகூரை என்ன செய்யறது?" என்று கேட்டேன். யோசித்துப் பாருங்கள், நடுவில் உள்ள ஹகரத்தைத் தமிழாக்கிக் ககரம் போட்டோம். முன்னால் உள்ள ஜகரத்தை அப்படியே விட்டுவிட்டோம். ஒரே ஊர்ப் பெயரில் பாதி தொல்காப்பியர், பாதி விளம்பரப் பலகை! 'சொகூர்' என்று எழுதினால் அந்த மாநிலத்தார் நம்மை என்ன செய்வார்கள்?

"அது வழக்கத்துல நிலைச்சுப் போச்சு" என்றார் டீச்சர்.

"பையன் பேரு?"

முதல் எழுத்தாக வரும்போது ககரம் உருகாது, அழுத்தித்தான் ஒலிக்கும். ஹகரத்தை எடுத்துவிட்டால் வெறும் உயிரெழுத்துத்தான் மிஞ்சும். ஹரி, அரி ஆவது போல. டீச்சர் சற்று நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "ஆள் பேரு வேற, ஊர் பேரு வேற சார். அது அவனோட சொத்து. நாம கை வைக்கக் கூடாது" என்றார். நானும் அதை ஒப்புக்கொண்டேன். ஆனால் ஊர்ப் பெயர் யாருடைய சொத்து என்ற கேள்வி பள்ளி மணி அடித்த பிறகும் என்னை விடவில்லை.

இந்தச் சண்டை தமிழர்களுக்கு மட்டும் வாய்த்தது என்று எண்ண வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 'யோகர்ட்' என்ற தயிர் வகைக் கட்டுரையின் தலைப்பில் 'எச்' எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று சண்டை. 2003இல் எழுத்தைச் சேர்த்தார்கள். வாதாடி வாதாடி 2011இல்தான் அதை எடுத்து முடித்தார்கள். அங்கேயும் அதே 'ஹ' தான், பாருங்கள்! போலந்தின் துறைமுக நகரான கதான்ஸ்குக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் டான்சிக். எந்தப் பெயரை எழுதுவது என்று 2005இல் வாக்கெடுப்பே நடத்தி, 1308 முதல் 1945 வரையிலான செய்திகளில் டான்சிக், மற்றக் காலத்துக்குக் கதான்ஸ்க் என்று முடிவு செய்தார்கள். கெட்டிக்காரத்தனமான தீர்ப்பு. தமிழ்நாட்டு அரசோ 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை பிறப்பித்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் போட்ட எழுத்துகளைப் பார்த்து ஊரார் சிரித்த சிரிப்பில், அந்த மாதமே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு டொராண்டோவுடையது. கனடாவில் உள்ள அந்த நகரில் யாழ்ப்பாணத் தமிழர் திரளாக வாழ்கிறார்கள். அவர்கள் அதை 'ரொறன்ரோ' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தின் 'டி' ஒலிக்கு ரகர றகரங்களைப் போடுவது அவர்கள் மரபு. மதுரைக்காரர் இதைப் படித்தால் ஏதோ உறுமல் என்று நினைப்பார். யாழ்ப்பாணத்தார் 'டொராண்டோ' என்பதைப் பார்த்தால், நாக்கு தடித்தவன் எழுதியது என்பார். எது சரி? தலைகளை எண்ணிப் பார்த்தால் தமிழ்நாடு வென்றுவிடும். ஆனால் அந்த ஊரில் வீடு வாங்கி, பிள்ளை பெற்று, கோயில் கட்டி, தெருவில் தமிழ் பேசி நடப்பவர்கள் யார்?

நமக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டு மக்கள்தொகை 2011 கணக்கிலேயே 7 கோடிக்கு மேல். மலேசிய இந்தியர் அத்தனை பேரையும் கூட்டினாலும் ஏறக்குறைய 20 லட்சம். 'பெரும்பான்மை வழக்கு எதுவோ அதுவே தலைப்பு' என்று ஒரு விதி வைத்தால், நாம் ஒரு நாளும் வெல்ல முடியாது. நம் முன்னோர் நாவில் உருண்டு திரண்ட பெயர் கிள்ளான்; வெளியூரார் ஆங்கிலத்தைப் பார்த்து 'கிளாங்' என்பார்கள். ஈப்போவை 'இபோ' என்பார்கள். பினாங்கைப் 'பெனாங்' என்பார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, வரைபடத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆனால் கிள்ளான் என்ற சொல்லில் இருக்கும் அந்த ளகரம் எந்த வரைபடத்திலும் இல்லை. அது நம் தாத்தா பாட்டி போட்டது. ஓர் ஊரின் பெயருக்கு அந்த ஊர்த் தமிழன் எழுதும் எழுத்துக்கே முதல் மரியாதை என்பது என் கட்சி. ஆலமரத்தடியில் கூப்பிட்டுக் கேட்டால் அங்கேயும் இதையே சொல்வேன்.

(இந்தக் கட்சியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 1885இல் இங்கே நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத்தான் இந்த மலை தாங்கி நிற்கிறது. அவருக்கு முன்பே இங்கு வாழ்ந்த செமாய் மக்களை யாரும் பெயர் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.)

தலைப்புச் சண்டைக்கு விக்கிப்பீடியாக்காரர்கள் ஒரு நல்ல மருந்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் வழிமாற்று. தலைப்பு 'பகாங்' என்று இருக்கட்டும்; 'பஹாங்' என்று தட்டுகிறவனையும் அது அதே கட்டுரைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும். தோற்ற பெயர் அழிவதில்லை, வாசலில் காவலாளியாக நிற்கிறது.

ஆனால் அந்த மருந்து எட்டாத பெயர்களும் உண்டு. அதை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. ரப்பர்த் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் துரைமார் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். வேலை செய்தவர்கள் தங்களுக்குள் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கங்காணியின் பெயர், ஆற்றின் பெயர், துரையின் தோற்றம், ஏதாவது ஒன்று. (1929இல் தோன்றிய நம் 'போ' தோட்டத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை, தமிழில் எழுதினால் யாரையோ விரட்டுவது போல இருக்கும். "எங்கே வேலை?" "போ!") கலைக்களஞ்சியத்தில் ஒரு பெயரை ஏற்ற வேண்டுமானால் அச்சில் வந்த ஆதாரம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான்; இல்லாவிட்டால் கண்டதெல்லாம் ஏறிவிடும். ஆனால் வாயிலேயே பிறந்து வாயிலேயே வாழ்ந்த பெயருக்கு ஆதாரத்துக்கு எங்கே போவது? தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது, மக்கள் பட்டணம் போய்விட்டார்கள், இங்கே கொழுந்து எடுக்கும் கைகளில் பல இன்று வங்காளதேசத்துக் கைகள்.

இதைப் பையனின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் திடீரென்று, "எங்க அம்மா கல்யாணப் பத்திரிகை இருக்கு சார். பெட்டியில வச்சிருக்காங்க. பழைய பேருதான் அதுல" என்றார். மறுநாள் பையனிடம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினார். மஞ்சள் தடவிய மூலை, மங்கிய சிவப்பு மை. மணமகள் வீட்டு முகவரியில் தோட்டத்தின் தமிழ்ப் பெயர். அச்சில் வந்த பெயர்!

ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டு ஆலமரத்தடியில் வழக்காட முடியுமா என்பது சந்தேகம்தான். நாற்பது, ஐம்பது கிடைத்தால் பேசிப் பார்க்கலாம். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகையோ, கருமாதிக் கடிதமோ, கோயில் நோட்டீசோ கிடந்தால், அதில் தோட்டத்தின் பெயரை எந்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, ஆண்டையும் குறித்து, இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். அசலை அனுப்ப வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பையனின் நோட்டை வாங்கி, குறைத்த இரண்டு புள்ளிகளையும் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ எப்படி சார் எழுதணும்?" என்றான். வகுப்பில் 'பகாங்' என்று எழுது, கோயில் நோட்டீசைத் திருத்தப் போகாதே என்றேன்.