தூக்குக்குண்டு முன் நிற்கும் பெண்கள்

பெண்ணை நிற்க வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சாமுத்திரிகா லட்சணம் எழுதியவர்கள் நெற்றி, கழுத்து, இடுப்பு, பாதம் என்று உறுப்புறுப்பாகப் பிரித்து அவளுடைய குணத்தையும் தலைவிதியையும் சொன்னார்கள். அந்தப் பார்வை காலாவதியாகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது, கட்டம் போட்ட சுவர்த்தாளும் கைப்பேசிக் கேமராவுமாக அது உடல் சிகிச்சை அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதுகுவலி என்று ஒரு பெண் போகிறாள். எப்போதிலிருந்து வலிக்கிறது, என்ன வேலை செய்கிறாய், எப்படித் தூங்குகிறாய் என்ற கேள்விகளுக்கு முன்பே உடையைக் குறைத்து நிற்கச் சொல்கிறார்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தொங்கவிடுவாரே தூக்குக்குண்டு, அதே நூல்தான் இங்கும் அளவுகோல். காது, தோள்மூட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் அந்த நேர்கோட்டை ஒட்டிப் போக வேண்டும். முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு வருகிறது: தலை முன்னால் நீண்டிருக்கிறது, தோள் சுருண்டிருக்கிறது, இடுப்பு முன்பக்கம் சரிந்திருக்கிறது, ஃபேசியா இழுத்துப் பிடித்திருக்கிறது. பத்து முறை வந்தால் சரியாகும். முதுகுவலியோடு போனவள் நான்கு குறைகளோடு வீடு திரும்புகிறாள்.

கறி நறுக்கும்போது தசையின்மேல் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருமே ஒரு ஜவ்வு, அதுதான் ஃபேசியா. உடல் முழுதும் தசைகளைப் போர்த்தி, ஒன்றோடொன்று இணைக்கும் திசு அது. அதைக் கையால் அழுத்தி உடலை நேராக்கலாம் என்று ஒரு முறையை உருவாக்கியவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஐடா ரோல்ஃப். பத்து அமர்வுக் கணக்கு அவர் வகுத்தது. பெண்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதே அரிதாக இருந்த காலத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். அந்த மரியாதையை அவருக்குத் தருவோம். ஆனால் ஒரு பெண் உருவாக்கினார் என்பதால் அந்தப் பார்வை பெண்ணுக்கு நியாயமானதாக ஆகிவிடாது.

முதலில் அந்தப் பார்வை எவ்வளவு சரியாகப் பார்க்கிறது என்று கேட்போம். 2003இல் ‘ஸ்பைன்’ ஆய்விதழில் ஒரு சோதனை வெளியானது. முதுகெலும்பு சார்ந்த சிகிச்சை செய்யும் 28 வல்லுநர்களிடம் ஒரே படங்களைக் காட்டிக் கழுத்தின் வளைவும் இடுப்பின் வளைவும் இயல்பானவையா, கூடுதலா, குறைவா என்று கேட்டார்கள். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. அதே ஆள் அதே படத்தை மறுபடி பார்த்தபோதும் ஓரளவுக்கே ஒத்துப்போனது. 2011இல் வந்த இன்னொரு ஆய்வு, வலி எதுவும் இல்லாத 120 பேரின் இடுப்பெலும்பை அளந்தது. ஆண்களில் 85 சதவீதம் பேருக்கும் பெண்களில் 75 சதவீதம் பேருக்கும் இடுப்பு முன்பக்கம் சரிந்தே இருந்தது. நான்கில் மூன்று பெண்களுக்கு இருப்பதை எந்த நியாயத்தில் கோளாறு என்கிறார்கள்? ஃபேசியாவின் கதையும் இதுதான். தொடையின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் உள்ள கெட்டியான ஃபேசியாவை ஒரு சதவீதம் உருமாற்றவே மனிதக் கையின் இயல்பான வலுவுக்கு மேற்பட்ட விசை வேண்டும் என்று 2008இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிடித்துவிட்டால் சுகமாக இருக்கிறது என்பது உண்மை. சுகத்துக்குச் சொல்லப்படும் காரணம்தான் நிற்கவில்லை.

இந்தப் பார்வைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரிகள், வாஸர், வெல்லஸ்லி, ஸ்மித் போன்ற பெண்கள் கல்லூரிகள் உட்பட, புதிதாகச் சேர்ந்த மாணவிகளை நிர்வாணமாகவோ ஏறக்குறைய நிர்வாணமாகவோ நிற்க வைத்துப் படம் எடுத்தன. ‘தோரணைப் படம்’ என்று அதற்குப் பெயர். தேறாதவர்கள் தோரணையைத் திருத்தும் வகுப்புக்குப் போக வேண்டும். ஆண்கள் கல்லூரிகளிலும் எடுத்தார்கள். உடலின் வடிவத்தை வைத்து மனிதரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிய வில்லியம் ஷெல்டன் என்பவர் இப்படிப்பட்ட படங்களைத் தன் ஆராய்ச்சிக்குத் திரட்டினார். 1954இல் அவருடைய ‘ஆண்களின் அட்லஸ்’ வெளிவந்தது. பெண்களின் அட்லஸ் வரவேயில்லை. 1950இல் சியாட்டில் பல்கலைக்கழகம் ஒன்றில் படமெடுக்கப்பட்ட மாணவி ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்ல, எழுந்த எதிர்ப்பில் அங்கே எடுத்த படங்கள் எரிக்கப்பட்டன. மற்ற படங்கள் எங்கெங்கோ அலமாரிகளில் கிடந்தன. 1995இல் பத்திரிகையாளர் ரான் ரோசன்பாம் எழுதியபோதுதான் ஊருக்கே தெரிந்தது. ஷெல்டனை அறிவுலகம் கைவிட்டுவிட்டது. ஆனால் நிற்க வைத்து, படம் எடுத்து, கோடு போட்டு, குறை எழுதும் சடங்கு மட்டும் நம் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. இன்று எடுக்கப்படும் படம் யாருடைய கைப்பேசியில், எத்தனை நாள் இருக்கிறது என்று எந்தப் பெண்ணுக்காவது சொல்லப்படுகிறதா?

இன்னொரு வகைப் பார்வை இதைவிடத் தந்திரமானது. ‘உங்கள் மார்புக்கூடு மூடியிருக்கிறது, உள்ளே ஏதோ துக்கம் இருக்கிறது’ என்று கனிவான குரலில் சொல்லும். பருவமெய்திய நாளிலிருந்து பேருந்திலும் தெருவிலும் மார்பை மறைக்கத் தோளைக் குறுக்கிப் பழகிய பெண்கள் நம்மில் ஏராளம். அதற்காக ஒருத்தியின் தோளைப் பார்த்து அவள் வாழ்க்கையை ஊகிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. துக்கம் இருந்தால் சொல்லத் தோன்றும்போது, சொல்லத் தகுந்தவரிடம் அவளே சொல்வாள். சொல்லாதிருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு.

அந்தத் தோளுக்கு வெளியே இருப்பதை இந்தப் பார்வை பார்ப்பதே இல்லை. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நிற்கும் பெண்ணின் இடுப்பில் என்ன சரிந்திருக்கிறது என்று ஆராய்வதற்குமுன், அவளுக்கு ஒரு நாற்காலி இருந்ததா என்று கேட்க வேண்டாமா? கோழிக்கோட்டில் விஜியும் ‘பெண்கூட்டு’ தோழிகளும் தொடங்கிய உட்காரும் உரிமைக்கான போராட்டம்தான் 2018இல் கேரளத்தில் சட்டத்தை மாற்ற வைத்தது. தமிழ்நாட்டில் 2021இல் திருத்தம் வந்தது. அந்தப் பெண்கள் தங்கள் வலியின் பெயரைத் தாங்களே சொன்னார்கள்: நின்றுகொண்டே இருப்பது. அதைக் கண்டுபிடிக்கத் தூக்குக்குண்டு தேவைப்படவில்லை. முதலாளி தர வேண்டிய நாற்காலியை மறைத்துவிட்டு, ‘உன் தோரணை சரியில்லை’ என்று அவள்மேலேயே பழியைப் போடுவது மருத்துவம் ஆகாது.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. வளரும் வயதுப் பெண்பிள்ளையைக் குனியச் சொல்லி முதுகின் ஒரு பக்கம் புடைத்திருக்கிறதா என்று பார்ப்பது பக்கவாட்டு வளைவைக் காலத்தில் கண்டறிய உதவும். அந்த வளைவு கூடிக்கொண்டே போவது பெண்பிள்ளைகளிடம்தான் அதிகம். மாதவிடாய் நின்றபின் ஒருத்தியின் உயரம் குறைந்து கூன் விழுந்தால், எலும்பு உடைந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். இங்கெல்லாம் பார்வை ஒரு சந்தேகத்தை எழுப்பி, அளவுக்கும் பரிசோதனைக்கும் வழிவிடுகிறது. தானே தீர்ப்பாவதில்லை.

இயன்முறை மருத்துவமும் யோகாவும் உடல் சிகிச்சையும் படிக்கும் மாணவிகள் இதைப் படிக்கக்கூடும். உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். பார்ப்பதற்குமுன் கேளுங்கள். எதற்காகப் பார்க்கிறீர்கள், எவ்வளவு உடை களைய வேண்டும், ஏன் என்று சொல்லுங்கள். அவள் மறுத்தால் உடையோடே சிகிச்சை செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். படம் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் அவளுடைய கைப்பேசியில் எடுங்கள். அவள் வலி என்று சொல்லாத ஒன்றைக் குறையென்று அவள் தலையில் கட்டாதீர்கள். அவள் அசையும்போது எங்கே வலிக்கிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று அவள் வாயால் கேளுங்கள்.

சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கும் ஒன்று. சுவரோரம் நிற்கச் சொன்னால், ‘முதலில் நான் உட்கார்ந்து பேச வேண்டும்’ என்று சொல்லுங்கள்.