கதவில்லாத கக்கூஸும் இருநூறு கோடிப் பூங்காவும்

2022 செப்டம்பரில் கோவை அம்மன்குளத்துப் பொதுக் கழிப்பிடம் ஒன்றின் படம் நாடெங்கும் சுற்றியது. ஒரே அறை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பீங்கான். நடுவே தடுப்புச் சுவர் இல்லை. அறைக்குக் கதவும் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கோவைக் குசும்பு மாநகராட்சிக்கும் தொற்றிவிட்டது என்று கேலி பேசினார்கள்.

மாநகராட்சி விளக்கம் கொடுத்தது. அது 1995ல் கட்டியதாம். சிறு குழந்தைகளுக்கானதாம். பெரியவர்கள் கூட நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கதவு வைக்கவில்லையாம். சரி, அப்படியே இருக்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் 1995க்கும் 2022க்கும் நடுவே இருபத்தேழு ஆண்டுகள் ஓடின. அந்தக் காலத்தில் ஒரு பொறியாளராவது அந்தத் தெருப் பெண்களைக் கூப்பிட்டு, "இது உங்களுக்கு உபயோகப்படுகிறதா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இப்படி ஊர் சிரிக்க நேர்ந்திருக்குமா? அடுத்த மாதமே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சிப்காட் திட்ட அலுவலகத்தில் இதே கூத்து நடந்தது. அது புத்தம் புதுக் கட்டடம். அங்கேயும் ஒரே அறையில் இரண்டு பீங்கான், தடுப்பில்லை. குழந்தைகளுக்காகக் கட்டினோம் என்று சொல்ல அங்கே வழியுமில்லை!

இதைச் சிரித்து மறந்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறோம். கழிப்பிடத்தின் வரைபடத்தை யார் போடுகிறார்கள்? வீட்டிலும் அலுவலகத்திலும் சொந்தக் கழிப்பறை உள்ளவர்கள். யார் உபயோகிக்கிறார்கள்? போக வேறு போக்கிடம் இல்லாதவர்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரு நாளாவது எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

காந்திபுரத்தில் மத்தியச் சிறையின் நிலத்தில், 45 ஏக்கரில், இருநூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2025 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். வ.உ.சி. செக்கிழுத்த சிறை அது. 1946 ஜனவரி 8ந் தேதி சின்னியம்பாளையம் மில் தொழிலாளத் தோழர்கள் நால்வர் தூக்குமேடை ஏறிய சிறையும் அதுவே. அந்த மண்ணில் மரமும் பூவும் வளர்வதில் நமக்கு மகிழ்ச்சிதான். எட்டு மணி நேரம் பஞ்சுத் தூசியை இழுக்கிற நுரையீரலுக்குத்தானே மரக்காற்று முதலில் வேண்டும்? 2016ல் ஸ்மார்ட் சிட்டிகளின் முதல் பட்டியலில் கோவை இடம் பிடித்தபின், ரேஸ் கோர்ஸ் நடைபாதை மினுக்குகிறது, உக்கடம் பெரியகுளக்கரை மினுக்குகிறது, வாலாங்குளக்கரையும் மினுக்குகிறது. மினுக்கட்டும்.

ஆனால் உழைக்கிற பெண்ணுக்கு நகரம் என்பது குளக்கரை அல்ல. பஸ் ஸ்டாண்டு, சந்தை, ஷிப்ட் முடிந்து நிற்கிற பஸ் நிறுத்தம், கட்டட வேலைக்கு ஆள் பிடிக்கிற முச்சந்தி, இவைதான் அவளுடைய நகரம். விடியுமுன் கீரைக்கட்டோடு கிளம்பி உழவர் சந்தைக்கு வருகிற பெண், விற்று முடித்து வீடு திரும்ப மதியமாகிவிடுகிறது. அதுவரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. "குடிச்சா எங்கீங்க ஒதுங்கறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறாள். ஆணுக்கு மரத்தடி உண்டு, மதிற்சுவர் உண்டு. நம் ஆண் தோழர்களும் அந்தச் சுவரோரம் நிற்பவர்களே என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம். பெண்ணுக்கு இருட்டு ஒன்றுதான் உண்டு. அது வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். சூடான ஸ்பின்னிங் கூடத்தில் வேர்வை கொட்டும் உடம்பு தண்ணீரில்லாமல் கிடந்தால் நீர்க்கடுப்பு வரும், சிறுநீரகத்தில் கல் வரும். பிறகு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரிசை, அரை நாள் கூலி போச்சு. கழிப்பிடம் கட்டாமல் மிச்சம் பிடித்த காசு இப்படி அவளுடைய முடிச்சிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

"ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகத்தானே இடம் ஒதுக்குகிறோம்" என்பார்கள். அந்தச் சமத்துவத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இரண்டு பக்கமும் ஒரே அளவு அறை. ஆண்கள் பக்கம் நாலு கக்கூஸ். அதோடு சுவரோரமாக ஐந்தாறு பேர் நின்றுவிட்டுப் போக இடம். பெண்கள் பக்கம் சில கக்கூஸ் மட்டுமே. சுவரோர வசதி அங்கே உதவாது. அதே செங்கல், அதே சதுர அடி. ஆனால் ஒரே நேரத்தில் ஆண்கள் பத்துப் பேர், பெண்கள் ஐந்தாறு பேர்! புடவையைச் சரி செய்ய வேண்டும். இடுப்புக் குழந்தையைப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நாளென்றால் இன்னும் நேரம் வேண்டும். ஆகவே வரிசை பெண்கள் வாசலில்தான் நீள்கிறது. பெண்கள் பக்கம் அறைகள் கூடுதலாக இருந்தால்தான் சமம்.

மற்றவற்றையும் பாருங்கள். பையை மாட்ட ஆணி கிடையாது. ஈரத் தரையில் கூலிப் பணத்தோடு பையை வைக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் கழன்று கிடக்கும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல். விளக்கு எரியாது. துணியோ நாப்கினோ போட மூடிய தொட்டி கிடையாது. ஊனமுற்றவருக்குச் சாய்வுப் பாதை உண்டு. அது ஏறி முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கும்! முழங்கால் வலிக்கிற கிழவிக்கு உட்காரும் பீங்கான் ஒன்றாவது வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலே, அமைகிற இடம். டாஸ்மாக் கடைக்குப் பின்சந்தில் கழிப்பிடம் கட்டிவிட்டு, "பெண்கள் உபயோகிப்பதில்லை" என்று கோப்பில் எழுதினால் அது யாருடைய குற்றம்?

அடுத்தது காசு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம், வரவேற்றோம். ஆனால் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கழிப்பிடத்துக்குப் போனால் மேஜை போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். "இலவசம்" என்று சுவரில் எழுதியிருந்தாலும் கை நீள்கிறது. ஏலம் எடுத்தவருக்கு ஏலப் பணம் திரும்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊர் முழுதும் பஸ்ஸில் சும்மா வரலாம், ஐந்தடி உள்ளே போகக் காசு!

இது பழைய வழக்கு. 1851ல் லண்டன் ஹைட் பார்க் பூங்காவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறைகள் வைத்தார். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்துப் போனார்கள். காசு பண்ணலாம் என்று அன்றே தெரிந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, அதே லண்டனில் செயின்ட் பாங்கிராஸ் வட்டார சபையில் உறுப்பினராயிருந்த நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா பெண்களுக்குக் கழிப்பிடம் கேட்டு வாதாடினார். கனவான்கள் முகம் சுளித்தார்கள். கேம்டன் பகுதியில் மரத்தால் மாதிரிக் கூண்டு ஒன்று நட்டுப் பார்த்தபோது வண்டிகளைக் கொண்டு வந்து அதன்மேல் மோதினார்கள்! 1909ல் ஷா இதைப் பற்றி எழுதியபோது, ஏழைப் பெண்ணுக்கு அந்த ஒரு பென்னியே வாசலை அடைக்கிற பூட்டு என்று எடுத்துக் காட்டினார். பாரிஸ் நகரசபை தெருக் கழிப்பறைகளை 2006ல் இலவசமாக்கிவிட்டது. பம்பாயில் 2011ல் பெண்கள் இயக்கங்கள் எழுந்து, ஆண் சும்மா போகும்போது பெண் மட்டும் ஏன் காசு தர வேண்டும் என்று கேட்டன. கோவையில் நாம் இன்னும் சில்லறை தேடுகிறோம்.

"நவீனமாகச் செய்கிறோம்" என்று சொல்லி மின்சாரக் கழிப்பறைக் கூண்டுகளை இறக்கினார்கள். நாணயம் போட்டால் கதவு திறக்கும், தானே கழுவிக்கொள்ளும் என்றார்கள். சென்னையில் வைத்தவற்றில் பல பழுதாகிப் பூட்டிக் கிடந்தன. ஜப்பானில் டோக்கியோவின் ஷிபுயா வட்டாரத்தில் 2020 முதல் பேர்போன கட்டடக் கலைஞர்களைக் கொண்டு 17 கழிப்பிடங்கள் கட்டினார்கள். ஒன்றில் கண்ணாடிச் சுவர். உள்ளே தாழிட்டால் கண்ணாடி மங்கிவிடும். கட்டியதோடு விடாமல், துடைத்துப் பராமரிக்கவும் ஆள் வைத்தார்கள். நமக்குக் கண்ணாடி வேண்டாம். செங்கற்சுவர் போதும், தண்ணீர்த் தொட்டி போதும், நீர் தேங்காத சாய்தளம் போதும், துடைக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியின் தலையில் இந்த வேலையைக் கட்டி வைத்திருக்கிறது இந்தச் சமூகம். மலம் அள்ளும் கொடுமையை 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் தண்ணீர் வராத கக்கூஸை ஒருவர் எப்படிச் சுத்தம் செய்வார்? கையால்தானே! வரைபடத்தில் தொட்டியை மறக்கிற பொறியாளர் அந்தச் சட்டத்தைத்தான் மீறுகிறார். 2022 அக்டோபரில் கோவையின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வேலை நிரந்தரமும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று குப்பை நாறுகிறது என்று மூக்கைப் பிடித்தவர்களில் எத்தனை பேர் அவர்கள் சம்பளச் சீட்டைக் கேட்டுப் பார்த்தார்கள்?

மில் தோழர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே மறைப்புள்ள கக்கூஸ் கட்டாயம் என்றது. 25 பெண்களுக்கு ஒன்று என்று விதி கணக்கும் சொன்னது. அது முதலாளி இரங்கிக் கொடுத்ததல்ல. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள்; ஆகவே உங்கள் மில்லில் அறைகளை நீங்களே எண்ணி வையுங்கள். வயலில் நிலைமை இன்னும் மோசம். 2005ன் நூறு நாள் வேலைச் சட்டம் வேலையிடத்தில் குடிநீர் வேண்டும், நிழல் வேண்டும், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியது. நாள் முழுதும் வரப்பில் குனிகிற பெண் எங்கே ஒதுங்குவாள் என்பது எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நீதிமன்றங்களில் ஆண், பெண், ஊனமுற்றோர், திருநங்கையர் எல்லோருக்கும் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள தேவை கரும்பு வெட்டுகிறவளுக்கு இல்லையா?

மே தினத்தன்று கிராமசபை கூடும். நகரத்தில் பகுதி சபை உண்டு. பெண் தோழர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். புதிய கழிப்பிடத்தின் வரைபடத்தை மேஜைமேல் விரிக்கச் சொல்லுங்கள். பெண்கள் பக்கம் எத்தனை அறை, தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து, துடைப்பவருக்கு நாளொன்றுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். ஏற்கெனவே கட்டிப் பூட்டி வைத்திருப்பதன் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.