இடித்த சுவரும் இடிக்காத கூடமும்

வடக்கன்குளம் கோவில் கதையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஞானோபதேச வகுப்பில் வராது, பங்கு விழா மலரிலும் வராது. திருநெல்வேலிச் சீமையில் 1872-இல் எழுந்த கோவில் அது. விரித்துப் போட்ட கால்சட்டை மாதிரி ரெண்டு கால். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார் முதலான மற்றவர்கள். நடுவில் சுவர். ரெண்டும் சேருகிற முனையில் பீடம். பூசை வைக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்துக்காரன் கண்ணில் அந்தப் பக்கத்துக்காரன் படமாட்டான். தீட்டுக்கு கொத்தனார் வைத்து வரைபடம் போட்ட திருச்சபை நம்முடையது!

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதரானார். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால்தான் அவர் பேரின் வாலில் தொங்கிய 'பிள்ளை'யை வாத்திகன் எடுத்தது. செத்த மனுசன் பேரிலிருந்து சாதியைக் கழற்ற 268 வருஷம்.

சுவரை 1910-இல் கௌசானல் சாமியார் இடித்தார். வெள்ளாளர் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற அந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோவிலுக்குள் சாதி பார்த்து ஒதுங்கி உட்கார உனக்கு உரிமை கிடையாது என்று வெள்ளைக்காரன் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. நல்லது. ஆனால் அந்த வரலாறு வெள்ளாளர்–நாடார் சண்டையாகவே பேசப்படுகிறது. பறையனும் பள்ளனும் எந்த மூலையில் முழந்தாளிட்டான் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இன்றைக்கு பீடத்துக்கு முன்னால் சுவர் எழுப்ப யாருக்கும் துணிச்சல் வராது. அது வெளியே நகர்ந்து, கோவிலை ஒட்டிய சமூகக் கூடத்துக்குள் புகுந்துகொண்டது. எங்கள் பங்கின் கூடத்துக்கு மண் சுமந்ததில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோவிலில் பூசை உண்டு, மணி அடிப்பார்கள். சாப்பாட்டுக்குக் கூடம் கேட்டால், "அன்னைக்கு வேற புக்கிங் இருக்கே." எந்த மாசம் கேட்டாலும் அன்னைக்கு வேற புக்கிங்தான். என் சித்தப்பா சொல்வார்: "அப்பம் ஒண்ணுதாங்கிறான்டா. சோறுன்னு வந்தா மட்டும் எல வேறங்கிறான்."

இதன் சூத்திரத்தைக் கவனியுங்கள். சாவி விழாக் கமிட்டியிடம். கமிட்டியில் உட்கார தலைக்கட்டு வரி கட்டியிருக்க வேண்டும். எங்கள் வரியை வாங்கமாட்டார்கள். வாங்கினால் தேர் எங்கள் தெருவுக்கு வந்தாக வேண்டுமே! சுவருக்காவது கடப்பாரை போதும். இதற்கு எதை எடுப்பது?

எறையூரில் தலித் கிறித்துவர்கள் தங்கள் சகாய மாதா கோவிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டதில் ஆதிக்க சாதியில் ரெண்டு பேர் செத்தார்கள். அவரவருக்குத் தனிக் கோவில், தனிக் கூடம் என்று போனால் சாதிக்காரனுக்குத்தானே லாபம் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அடி வாங்குகிறவனைப் பார்த்து அதைக் கேட்காதீர்கள். சாவி வைத்திருக்கிறவனிடம் போய்க் கேளுங்கள்.

சர்க்கார் நியாயம் வேறு மாதிரி. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்துவன் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்கு மூடியே இருக்கிறது. தாலுகா ஆபீசில் 'நீ கிறித்துவன், போ'. கூடத்து வாசலில் 'நீ காலனி, போ'. இந்தியக் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016-இல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அத்தனை பேருக்கும் ஒரு கூடத்தின் சாவி இல்லை.

அடுத்த பங்குப் பேரவையில் நாங்கள் கேட்கப் போவது ரெண்டுதான். புக்கிங் நோட்டை ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் விரித்து வைக்க வேண்டும். எங்கள் தெரு வரியை ரசீது போட்டு வாங்க வேண்டும். மனுவில் 143 கையெழுத்து விழுந்திருக்கிறது. ஆயருக்கும் ஒரு நகல் போகிறது.