ஈமு கோழி கணக்கு: புது தொழிலுக்கு பணம் கட்டும் முன் யோசிங்க!

மல்லசமுத்திரம்:-

"பணம் கட்டுங்க, மாசாமாசம் வருமானம்" என்று யாராவது புது தொழிலோடு வந்தால், பெருந்துறை கதையை நினைச்சு பாருங்க.

அங்கே சுசி ஈமு நிறுவனம் ரூ.1½ லட்சம் டெபாசிட்டுக்கு 6 குஞ்சுகள், தீவனம் கொடுத்தது. மாதம் ரூ.6 ஆயிரம் பராமரிப்பு கூலி, ஆண்டுக்கு ரூ.20 ஆயிரம் போனஸ், 2 ஆண்டில் டெபாசிட் வாபஸ் என்றது.

கணக்கு போடுவோம்

2 வருஷ கூலி ரூ.1 லட்சத்து 44 ஆயிரம். போனஸ் ரூ.40 ஆயிரம். மொத்தம் ரூ.1 லட்சத்து 84 ஆயிரம். ஆறு பறவை இவ்வளவு சம்பாதிக்குமா? ஈமு கறியை தேடி வாங்க ஊரில் ஆளில்லை. அடுத்தவர் கட்டிய டெபாசிட்டுதான் முந்தினவருக்கு கூலியாக போனது. புது ஆள் குறைந்ததும், 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. தீவனம் இல்லாமல் ஈமுக்கள் செத்தன. பணம் கட்டியவர்கள் போலீசில் வரிசையாக புகார் கொடுத்தனர்.

முட்டை சொல்லும் பாடம்

நாமக்கல் முட்டையிலும் நஷ்டம் உண்டு. ஆனால் கேரளாவிலும், சத்துணவு கூடத்திலும் தின்ன ஆள் இருக்கு. அதனால் தொழில் நிற்குது.

வருமானம் எவ்வளவுன்னு அப்புறம் கேளுங்க. வாங்குறவன் யாருன்னு முதலில் கேளுங்க!